ஆணி அடிக்காத சுவர்கள்

எய்யா,

நலமான்னு கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். ஞாயிறு தவறாம போன்ல உன் முகத்தைப் பார்க்கிறேன். தாடியை மழிச்சியா, கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கா, எல்லாம் எனக்குத் தெரியும். என் நலத்தைப் பத்தி நீயும் கேட்க வேண்டாம், அதே முழங்கால், அதே மாடிப்படி. போன்ல சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் காகிதம். போன்ல சொன்னா நடுவுல நீ "அம்மா, ஒரு நிமிஷம்"னு எழுந்து போயிருவே, இல்லைன்னா நான் அழுதுருவேன். தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்னு தெரியும். பைய படி, ஒரே மூச்சுல முடிக்கணும்னு ஒண்ணும் இல்லை. மிதாலியோட தம்பி வர்ற வியாழக்கிழமை அங்க கிளம்பறான். அவன் பெட்டியில இதையும் ஒரு பொட்டலத்தையும் வச்சு அனுப்பறேன். முதல்ல காகிதத்தைப் படி, அப்புறம் பொட்டலத்தைப் பிரி. சின்னப் பிள்ளையில இருந்தே உனக்கு எதையும் வரிசையா செய்யிற வழக்கம் கிடையாது, அதனால சொல்றேன்.

மூணு ஞாயிறுக்கு முன்னால என் பேத்தி துளி, தான் வரைஞ்ச படத்தைப் போன்ல எனக்குக் காட்டிக்கிட்டு இருந்தா. சிவப்புக் கூரை போட்ட வீடு, வாசல்ல ரெண்டு வாத்து. சுவத்துல ஒட்டியிருந்தது கழண்டு கழண்டு விழுந்தது. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பொறுமை ஏது, உன்கிட்ட வந்து ஒரு ஆணி கேட்டா. நீ லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னே: "ஆணியெல்லாம் அடிக்கக் கூடாதும்மா, இது வாடகை வீடு. ரெண்டு வருஷத்துல நாம பாட்டிகிட்ட போயிருவோம்ல." அவ்வளவுதான், உன் வேலையைப் பார்க்கத் திரும்பிட்டே. நான் இங்க வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தவ கத்தியைக் கீழ வச்சிட்டேன். பிள்ளை படத்தைச் சுருட்டி மேசைக்கு அடியில போட்டா. நீ அதைப் பார்க்கலை, நான் பார்த்தேன்.

மறுநாள் மிதாலி கூப்பிட்டா. நானும் அவளும் பெங்காலியில பேசிக்கிட்டா நேரம் போறதே தெரியாது, அது உனக்கும் தெரியும். அன்னிக்கு அவ குரல்ல சுரத்தே இல்லை. நான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டப்புறம்தான் சொன்னா. நீ படம் எடுத்து அனுப்பின அந்தப் பழைய பண்ணை வீட்டை, சொந்தக்கார அம்மா உங்களுக்கே விலைக்குத் தரேன்னு சொல்றாளாம். இடிக்காம வச்சுக்கிறவங்களுக்குத்தான் கொடுப்பேன்னு பிடிவாதமா இருக்காளாம். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் வேணுமாம். நீ வேண்டாம்னு சொல்லப் போறியாம். காரணம் கேட்டா, "மா தனியா இருக்கா"ன்னு சொன்னியாம். மிதாலி என்னைக் குறை சொல்லலை, தங்கமான மருமக. ஆனா போனை வைக்கும்போது, "உங்க மகன் ஊர்ல உள்ள எல்லா வீட்டையும் காப்பாத்தறார், மா. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னா. எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

உன் வேலை என்னன்னு இங்க யாராவது கேட்டா, அமெரிக்காவுல ஒரு கவுண்டியில, அதாவது நம்ம ஜில்லா மாதிரி, பழைய வீடுகளை யாரும் இடிச்சிராம இருக்க, அதுகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதறான்னு சொல்லுவேன். சிரிப்பாங்க. எனக்கே முதல்ல சிரிப்புத்தான். இவ்வளவு படிச்சு, இவ்வளவு தூரம் போய், எவனோ கட்டின மாட்டுத் தொழுவத்தை அளந்துக்கிட்டு இருக்கானேன்னு உங்கப்பாகிட்ட புலம்பியிருக்கேன். ஆனா பதினோரு வருஷமா ஞாயிறு ஞாயிறா நீ சொல்லச் சொல்ல, அந்தக் கவுண்டி எனக்கு நம்ம கல்கத்தாக் கிடர்பூர் சந்து மாதிரி பழகிப் போச்சு. நிலத்தை எல்லாம் சதுரம் சதுரமா, கட்டம் போட்ட நோட்டு மாதிரி வெட்டி வச்சது. ஆரம்பத்துல வந்தவங்க மரம் கிடைச்ச இடத்துல மரத்தடியை அடுக்கியும், கிடைக்காத இடத்துல புல்லோட மண்ணை வெட்டி அடுக்கியும் வீடு கட்டினது. அஞ்சு வருஷம் வீடு கட்டிக் குடியிருந்து காட்டினா நிலம் உனக்குன்னு அரசாங்கம் சொன்னது. அதுல சில கில்லாடிங்க சக்கரம் வச்ச குடிசையை ஒரு நிலத்துல இருந்து இன்னொரு நிலத்துக்கு இழுத்துட்டுப் போய், "இதோ வீடு, இதோ குடியிருக்கேன்"னு சத்தியம் பண்ணின கதையை நீ சொன்னப்போ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், ஞாபகம் இருக்கா? அப்புறம் போனை வச்சிட்டு யோசிச்சேன். நாமளும் அதைத்தானே பண்ணினோம்.

கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸ்ல நாங்க முப்பத்தோரு வருஷம் இருந்தோம். நீ பிறந்ததும் அங்கதான், வளர்ந்ததும் அங்கதான். அந்தச் சுவத்துல ஒரு ஆணி கிடையாது. பிள்ளையார் படம் அலமாரியில சாய்ஞ்சு நிக்கும். காலண்டரைச் சணல் கட்டி ஜன்னல் கம்பியில தொங்க விட்டிருப்பேன், காத்தடிச்சா மாசம் மாறிப் போகும். கட்டில் கிடையாது. டாக்ல கழிச்சுப் போட்ட பேக்கிங் பெட்டிகளை வாங்கி, அதுமேல பலகை போட்டு, அதுமேல மெத்தை. நீ படிச்ச மேசையும் பெட்டிதான், பக்கவாட்டுல ஏதோ ஒரு துறைமுகத்தோட பேரு கறுப்பு மையில இருக்கும். மாத்தல் வந்தா, இல்லை ஊருக்குக் கிளம்பினா, ஒரே நாள்ல கட்டிரலாம். நம்ம வரிசையில இருந்த தமிழ்க் குடும்பம் அத்தனையும் அப்படித்தான் இருந்தது. ஒருத்தி வீட்டுல புதுசா பீரோ வந்தா, "என்னக்கா, இங்கயே தங்கிரப் போறீங்களா?"ன்னு கேலி பேசுவோம். அது ஒரு கெட்ட வார்த்தை மாதிரி எங்களுக்கு.

ஆணி அடிக்காதேங்கிற சட்டத்தை உங்கப்பா போட்டதா நீ நினைச்சுக்கிட்டு இருக்கே. நான் போட்டது அது. அவர் பாவம், கல்யாணமாகி வந்த முதல் வாரமே சுத்தியலோட நின்னார், கண்ணாடி மாட்டணும்னு. "அரசாங்கத்துச் சுவரு, நாளைக்குக் காலி பண்ணும்போது ஓட்டையைக் கணக்குப் பார்ப்பாங்க"ன்னு தடுத்தவ நான். அவர் பார்த்த வேலை என்ன? வர்ற கப்பல் எந்த பெர்த்துல நிக்கணும்னு ஒதுக்கறது. உலகத்துல எந்த மூலையில இருந்து கப்பல் வந்தாலும் அதுக்கு நிக்க ஒரு இடம் பார்த்துக் கொடுத்த மனுஷன், தன் வீட்டுல முகம் பார்க்கிற கண்ணாடியைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சவரம் பண்ணினார்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். கை வலிக்குது, ஆனா இதை நிறுத்தினா மறுபடி எடுக்க மாட்டேன். உனக்கு ஒன்பது வயசு. டாக்குரியாவுல நந்தி காக்கு வீட்டுக்கு நாம போனோமே, உனக்குக் "காக்கு", எங்களுக்கு "நந்திதா", அதாவது நந்தி அண்ணன், அப்பாவோட ஆபீஸ்ல கூட இருந்தவர், பிரிவினையப்போ கிழக்கு வங்காளத்துப் பரிசால்ல இருந்து குழந்தையா வந்தவர். அவங்க அப்பா அம்மா முதல்ல மூங்கில் தட்டி வச்சுக் கட்டி, ஆறு மாசத்துல திரும்பிப் போயிரலாம்னு இருந்து, அப்புறம் தட்டிக்கு வெளியே செங்கல் வச்சு, அப்புறம் மாடி எடுத்த வீடு. நந்திதாவோட அண்ணன் தில்லியோட போயிட்டார், மேல் மாடி சும்மா கிடந்தது. அதை நமக்கே விட்டுக் கொடுக்கறேன்னு அவர் கூப்பிட்டுக் காட்டினார். நீ மாடிக்கு ஓடிப்போய் ரயில் தெரியிற ஜன்னல்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, "இது என் ஜன்னல்"னு சொன்னே. பாலிகஞ்ச் போற லோக்கல் வண்டியை எண்ணிக்கிட்டு இருந்தே. கீழ இறங்க மாட்டேன்னு அழிச்சாட்டியம். அப்பா அந்த வெத்துச் சுவரை ஒரு கையால தடவிக்கிட்டே நடந்தார். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நீ பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு அதுக்குப் பின்னால அந்த மாடியை வரைஞ்சே. எங்க யாரு தூங்கறது, எங்க உன் மேசை, எல்லாம். இன்னிக்கு நீ பார்க்கிற வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

மறுநாள் காலையில காபி குடிச்சுக்கிட்டே உங்கப்பா கேட்டார். "ஏளா, ஒரு வார்த்தை சொல்லு. நந்திதாகிட்ட போய்ப் பேசிட்டு வந்துருதேன். பிள்ளையும் ஆசைப்படுதான்." நான் சொன்னேன்: "இங்க வீடு வாங்கினா இங்கயே கிடந்து சாக வேண்டியதுதான். நீங்க வாங்குங்க, வேண்டாங்கலை. நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அடுத்த வண்டிக்கு ஊருக்குப் போறேன்." இப்படித்தான் சொன்னேன், ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. அவர் மிச்சக் காபியைக் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சார். அப்புறம், "சரி, சவத்தை விடு"ன்னார். நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கேட்டப்போ, "வீட்டுல ஈரம் அடிக்குது எய்யா, எனக்குப் பிடிக்கலை"ன்னு சொல்லிட்டார். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டார். நானும் போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்பே. அம்பாசமுத்திரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து மனையை எனக்குன்னு அண்ணன் ஒதுக்கி வச்சிருந்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும், "சீக்கிரம் வந்துருவோம்"னு அக்காவுக்கு எழுதுவேன். அது ஒரு காரணம், வெளியே சொல்லிக்கிற காரணம். உள்ளுக்குள்ள இருந்தது வேற. அந்த வீட்டைப் பார்க்கப் போறதுக்கு ஒரு மாசம் முன்னால உனக்குக் கடுமையான காய்ச்சல். அனத்திக்கிட்டே கிடந்தவன், "ஜொல் தாவ், ஜொல் தாவ்"னு தண்ணி கேட்டே. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நான். என் வயித்துல பிறந்த பிள்ளை, உயிர் போற மாதிரி தவிக்கும்போது என் பாஷையில தண்ணி கேட்கலையேன்னு எனக்குப் பொறுக்கலை. இந்த ஊரு என் பிள்ளையை எடுத்துக்கிட்டு இருக்குன்னு பயந்துட்டேன். வீடும் இங்கயே ஆயிட்டா அப்புறம் நான் எதைப் பிடிச்சு உன்னை இழுக்கிறது? கோட்டிக்காரி. தண்ணி கொடுக்கிறவ அம்மாதான்னு உனக்குத் தெரிஞ்சுதானே கேட்டே, எந்த பாஷையில கேட்டா என்ன.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், ஆனா பாதிதான் தெரியும். அப்பா ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணின அன்னிக்கு, எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் சுவரைச் சோதிக்க வந்தார். நாலு அறையும் சுத்திப் பார்த்தார். ஒரு ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. அவர் கையெழுத்துப் போட்டுக்கிட்டே, "இஸ் கர் மே கோயி ரஹ்தா பி தா கியா?"ன்னு கேட்டுச் சிரிச்சார். இந்த வீட்டுல யாராவது இருந்தாங்களா என்னன்னு. அப்பா சிரிக்கலை. உனக்கு இருபத்திரெண்டு வயசு, ஜாதவ்பூர் ஹாஸ்டல்ல இருந்து சாமான் தூக்க வந்திருந்தே. அவர் போனதும் நீ வெடிச்சே. "முப்பத்தோரு வருஷம்! நாம இருந்ததுக்கு ஒரு அடையாளம் இல்லை. ஒரு வீடு வாங்கத் தைரியம் இல்லாத பயந்தாங்கொள்ளி அப்பா நீங்க." அப்பா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தேன். "நான்தான்"னு ஒரே வார்த்தை. வாயைத் திறந்தா முடிஞ்சிருக்கும். நான் குனிஞ்சு முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

நீயும் அவரும் அதுக்கப்புறம் பேசிக்கிட்டது எல்லாம் "சாப்பிட்டியா", "உடம்பு எப்படி"தான். பதிமூணு வருஷம். அவர் போகும்போது நீ வந்து சேர்றதுக்குள்ள நினைவு தப்பிப் போச்சு. நீ அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே, அப்பவாவது நான் சொல்லியிருக்கலாம். நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் இன்னிக்குச் சொல்லிரணும்னு நினைச்சு, ரசத்துக்குப் புளி பத்தலைன்னு எதையோ பேசிட்டு வச்சிருக்கேன்.

ஊருக்குப் போய் எட்டு மாசம் இருந்தோமே, அதையும் சொல்லிருதேன். அக்கா போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆயிருந்தது. எனக்குன்னு ஒதுக்கி வச்ச மனையில அண்ணன் மகன் வீடு கட்டியிருந்தான். அவனைத் தப்பு சொல்ல முடியாது, யாருக்காக எத்தனை வருஷம் காலியா போட்டு வைப்பான்? வாடகைக்குத்தான் இருந்தோம். தெருவுல எனக்கு, "கல்கத்தாக்காரம்மா"ன்னு பேரு. உங்கப்பா மத்தியானச் சாப்பாடு ஆனதும் காணாமப் போயிருவார். எங்கடா போறார்னு ஒருநாள் பின்னாலயே போய்ப் பார்த்தா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கட்டடம் கட்டற இடத்துல வங்காளத்து மால்தாவுல இருந்து வந்த கொத்தனாருங்களோட செங்கல் மேல உட்கார்ந்து, டீயை வச்சுக்கிட்டு கைகொட்டிச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கார். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டுல பார்த்து நாளாச்சு. அன்னிக்குச் சாயந்தரமே நான் சொன்னேன், "வாங்க, திரும்பிப் போவோம்." ஏன்னு கேட்கலை அவர். நந்திதாவுக்குப் போன் போட்டார். பழைய வீட்டை இடிச்சுக் கட்டின இந்த பிளாட்ல, அதே இடத்துல, மூணாவது மாடியை நமக்கு வாடகைக்குக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். நம்ம ஜன்னல்ல இருந்து ரயில் தெரியலை, நடுவுல வேற கட்டடம் வந்துருச்சு. சத்தம் மட்டும் கேட்கும்.

போன மாசம் நீ அந்தப் பண்ணை வீட்டுப் படங்களை அனுப்பினே பாரு, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு இருக்கேன். வெளியே வெள்ளைப் பலகை அடிச்ச நல்ல வீடு. உள்ள சுவரைப் பிரிச்சா, நடுவுல பழைய மரத்தடிக் குடிசை அப்படியே இருக்கு. முதல்ல வந்தவங்க கட்டின ஒத்தை அறை. அதை இடிக்காம அதைச் சுத்தியே பெரிசா கட்டியிருக்காங்க. நந்திதாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி வச்சுப் பார்த்துட்டு, "எங்க மூங்கில் தட்டி மாதிரியேதான், பௌமா"ன்னு சொன்னார், தம்பி பொண்டாட்டின்னு என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். உலகத்துல எல்லாரும் தற்காலிகமாத்தான் ஆரம்பிச்சிருக்காங்க போல. அங்க நார்வேயில இருந்து வந்தாங்க, அதுக்கு முன்னால அந்த மண்ணுல யாரு இருந்தாங்கன்னு நான் ஒருநாள் கேட்டேன். நீ லேப்டாப்பை மூடி வச்சே. அப்புறம், "இருந்தவங்களை மேற்கே துரத்தி விட்டுட்டாங்கம்மா"ன்னே. அது கிடக்குது என் மனசுல. நீ எழுதற ஜாதகத்துல அவங்க பேரையும் முதல் வரியில எழுது. நந்திதா துரத்தப்பட்டு வந்தவர், அவர் முன்னால இதையெல்லாம் லேசா பேச எனக்கு வாய் வரலை.

அந்தப் படங்கள்ல மச்சுமேல ஒரு மரப்பெட்டி இருந்துச்சே, பூவெல்லாம் வரைஞ்சு, மேல ஒரு பொம்பளைப் பேரு எழுதினது. அதுக்குள்ள எம்பிராய்டரி போட்ட மேசைத்துணி, மடிப்பு மடிப்பா பழுப்பேறிப் போயிருந்துச்சு. அதுக்குக் கீழ நீ "உபயோகிக்கப்படாதது"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதியிருந்தே. ஒரே வரியில அவ கதையை முடிச்சிட்டியே எய்யா. அவ எதுக்காக அதை மடிச்சு வச்சான்னு எனக்குத் தெரியும். இது நம்ம வீடு இல்லை, நம்ம வீட்டுக்குப் போனப்புறம் விரிச்சுக்கலாம்னு வச்சிருப்பா. கடல் தாண்டி வந்து, பிள்ளை பெத்து, அங்கயே மண்ணுக்குள்ள போயிட்டா. துணி மடிப்புக் கலையலை. என் கட்டிலுக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கே, இரும்பு டிரங்குப் பெட்டி. "அது என்னம்மா உள்ள?"ன்னு நீ எத்தனை தடவை கேட்டிருப்பே, "ஊர்ல வீடு கட்டினதும் பார்க்கலாம்"னு சொல்லி விரட்டியிருக்கேன். கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்ச எங்க அண்ணன் கொடுத்த பித்தளைப் பானை அது. புளி போட்டுத் தேய்ச்சதோட சரி, அடுப்பை அது பார்த்ததே இல்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? நீ வரணும்னுதான் எனக்கு ஆசை. பொய் சொல்ல மாட்டேன், அதுக்காகத்தானே இவ்வளவும் எழுதறேன். நீ "ரெண்டு வருஷம்"னு சொல்லும்போதெல்லாம் என் மனசு துள்ளும். அதை வளர்த்து விட்டதும் நான்தான். உன்னைப் பார்த்தா மட்டும் ரெண்டு இருமல் சேர்த்து இருமுவேன். "எனக்கென்ன, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்"னு பெருமூச்சு விடுவேன். நந்திதா வீட்டு மருமகள் தினமும் ரெண்டு தடவை எட்டிப் பார்க்கிறது, லேக் பக்கம் நடக்கப் போனா நாலு பேரு பேச்சுத் துணைக்கு இருக்கிறது, துர்கா பூஜை வந்தா என்னைப் பந்தல்ல உட்கார்த்தி வச்சு போக் பிரசாதம் பரிமாறுறது, இதையெல்லாம் உன்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா நீ நிம்மதியா இருந்துருவியேன்னு பயம். ஒன்பது வயசுல உன்னை அந்த ஜன்னல்ல இருந்து இறக்கினேன். இப்ப மறுபடியும் அதே வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு அலுத்துப் போச்சு எய்யா, என்னைப் பார்த்தே எனக்கு அலுத்துப் போச்சு.

அதனால சொல்றேன், அந்த வீட்டை வாங்கு. எனக்காகக் காத்திருக்காதே. இங்க வந்தாலும் நீ தேடறது இங்க இருக்காது. துளி அங்க காய்ச்சல்ல கிடந்தா எந்த பாஷையில தண்ணி கேட்பா, உனக்கே தெரியும். நான் வந்து கூட இருப்பேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்க ஊர்ப் பனியை என் முழங்கால் தாங்காது. ஒரு கோடைக்கு வாரேன், முடிஞ்சா. அந்த மரப்பெட்டிக்காரியோட துணியை ஒரு தடவை மேசையில விரிச்சு எனக்குச் சோறு போடு. கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது, ஏதாவது மியூசியம், கையுறைன்னு என்கிட்ட சட்டம் பேசாதே.

பானையை எடுக்கத்தான் போன திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது அதைக் கட்டினது உங்கப்பா, அதுக்கப்புறம் நான் திறக்கவே இல்லை. பானைக்குள்ள ஒரு தாள் சுருட்டி வச்சிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா, நீ ஒன்பது வயசுல வரைஞ்ச அந்தக் காலண்டர் தாள். உன் பேனாக் கோட்டுக்கு மேல உங்கப்பா பென்சில்ல திருத்தியிருக்கார். அவருக்கே உரிய அந்தக் குண்டு எழுத்து. சமையலறையை நீ உள்ளே தள்ளி வரைஞ்சிருந்தே. அவர் அதை அடிச்சுட்டு, கிழக்குப் பக்கமா மாத்தி, ஒரு ஜன்னல் போட்டு, பக்கத்துல எழுதியிருக்கார்: "இவளுக்குக் காலை வெயில் வேணும்." எப்ப எழுதினாரோ தெரியலை. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா? அந்தப் பானைக்குள்ள வச்சா ஒருநாள் நான்தான் எடுப்பேன்னு அவருக்குத் தெரியும். பெட்டிப் பக்கத்துலயே தரையில உட்கார்ந்து அழுதேன். எழுந்திரிக்க முடியாம நந்திதா மருமகளைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

அன்னிக்கே நந்திதாகிட்ட கேட்டேன், "சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?" எண்பத்திரெண்டு வயசு மனுஷன் என்னைக் கோட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பதினாறு வருஷமா இதுக்கா காத்திருந்தே, பௌமா?"ன்னு சொல்லிட்டு அவரே சுத்தியலோட மேல வந்தார். அடிக்கிற அடி எல்லாம் ஆணியில படாம சுவத்துல விழுது. "கொடுங்க"ன்னு வாங்கி நானே அடிச்சேன். நாலு வருஷமா அலமாரியில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்த உங்கப்பா போட்டோவை மாட்டினேன். கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. நேராக்கலை, அப்படியே இருக்கட்டும்.

பொட்டலத்துல அந்தப் பானையும், காலண்டர் தாளும் இருக்கு. பானையில பால் காய்ச்சு, பொங்கி வழியட்டும். அப்ப என் பேரை நினைக்க வேண்டாம். உங்கப்பாகிட்ட அன்னிக்கு நீ சொன்ன அந்த "பயந்தாங்கொள்ளி"ங்கிற ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கோ. அது எனக்கு வர வேண்டிய வார்த்தை, நான் வாங்கிக்கிறேன். அப்புறம் அந்த வீட்டுல, காலை வெயில் விழற சுவராப் பார்த்து, தாளுக்கு ஒரு ஆணி அடி. அடுத்ததைத் துளி கையில கொடு. அவ எங்க வேணும்னாலும் அடிச்சுக்கட்டும்.

அம்மா